செஞ்சிப் பாறையும் கண்ணாடிப் பெட்டியும்

சித்திரை வெயிலில் செஞ்சி ராஜகிரி அடிவாரத்தில் வெறுங்காலோடு நடக்க முடியாது. திருவண்ணாமலை சாலையின் இருபுறமும் யாரோ கூடைகூடையாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல் கிடக்கும் பாறைகள், காலையிலிருந்து குடித்த வெயிலை மாலையில்தான் திருப்பிக் கக்கும். பொழுது மலைக்குப் பின்னால் இறங்கி வெகுநேரம் ஆன பிறகும் கல்லில் கை வைத்தால் சூடு தெரியும். மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை இது. வருகிறவர்கள் கல்யாண மகாலைப் பார்க்கிறார்கள், நெற்களஞ்சியத்தையும் யானைக்குளத்தையும் பார்க்கிறார்கள், தெம்பு இருந்தால் மலை ஏறுகிறார்கள். கல்லுக்கு அடியில் குடியிருக்கும் சீவன்களை யாரும் பார்ப்பதில்லை, பார்க்காததே நல்லது. ஆனால் வீட்டில் பாம்பு வளர்க்க ஆசைப்படும் ஒருவர் இருந்தால், அவர் கடைக்குப் போகும் முன் இந்தப் பாறைகளைத்தான் வந்து பார்க்க வேண்டும். ஒரு பாம்புக்கு வீடு என்பது என்ன என்று இவை சொல்வதுபோல் எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

எல்லாக் கல்லும் ஒன்றுபோல் சுடுவதில்லை. நான்கு விரல் கனமுள்ள பலகைக் கல் மதியத்தில் தோசைக்கல்லாகிவிடும். விடியற்காலையில் அதுவே சில்லென்று கிடக்கும். ஆள் உயர உருண்டைப் பாறையின் அடிப்பகுதிக்கு வெயில் போய்ச் சேரவே பொழுது போய்விடும். இரண்டுக்கும் நடுவில், முழங்கை நீளத்துக்குள் கனமுள்ள கல்லுக்கு அடியில், வெப்பம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். இது பாம்புகளுக்குத் தெரியும் என்பதை ரேமண்ட் ஹ்யூயியும் அவருடைய கூட்டாளிகளும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வடக்கு கலிபோர்னியாவின் ஈகிள் ஏரிக்கரையில் கார்ட்டர் பாம்புகளின் உடலுக்குள் சிறு ரேடியோ கருவி வைத்து, அவை எந்தக் கல்லுக்கு அடியில் ஒதுங்குகின்றன, அங்கே உடல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அவர்கள் தொடர்ந்து அளந்தார்கள். மெல்லிய கல்லும் அங்கே இருந்தது, தடித்த கல்லும் இருந்தது. பாம்புகள் பெரும்பாலும் போய்ப் படுத்தது 20 முதல் 40 சென்டிமீட்டர் கனமுள்ள கற்களுக்கு அடியில். அங்கேதான் அவற்றுக்குப் பிடித்த 28 முதல் 32 டிகிரி வரையான வெப்பம் அதிக நேரம் கிடைத்தது. மெல்லிய கல்லுக்கு அடியில் பகலில் வெந்து இரவில் விறைத்திருக்கும். தடித்த கல்லுக்கு அடியில் எப்போதும் சூடு போதாமல் கிடந்திருக்கும். நம் கத்திரி வெயிலில் கணக்கு கொஞ்சம் மாறும். ஈகிள் ஏரிப் பாம்பு ஒதுக்கிய தடித்த பாறைதான் இங்கே மே மாதத்தில் உயிர் காக்கும் இடமாக இருக்கும். கணக்கு மாறினாலும் கணக்குப் போடுவது பாம்புதான். இன்றைக்கு இந்தக் கல், நாளைக்கு அந்தக் கல் என்று அது தானே இடம் மாற்றிக்கொள்கிறது.

கண்ணாடிப் பெட்டிக்குள் வந்துவிட்ட பாம்புக்கு அந்தக் கணக்குப் போட இடம் இல்லை. இருப்பது ஒரே கல். அதன் கனத்தை முடிவு செய்தவர் அதன் உரிமையாளர். என் வாதம் முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது. பெட்டியில் சூடு இருக்கிறதா என்று கேட்பது போதாது. சூட்டிலிருந்து குளிர்ச்சிக்கும் குளிர்ச்சியிலிருந்து சூட்டுக்கும் பாம்பு தன் இஷ்டத்துக்கு நகர முடிகிறதா என்று கேட்க வேண்டும். முடியாவிட்டால் அந்த வீட்டில் பாம்பு இருக்கக் கூடாது. செஞ்சி போன்ற ஓர் ஊரில் இந்தச் சோதனையில் தேறுவது, பலர் நினைப்பதற்கு நேர்மாறாக, குளிர் நாடுகளில் தேறுவதைவிடக் கடினம்.

பள்ளிப் பாடத்தில் பாம்பைக் 'குளிர் இரத்தப் பிராணி' என்று படித்தோம். அந்தச் சொல் செய்த கெடுதல் கொஞ்சமில்லை. வெயில் காய்ந்து எழுந்த பாம்பின் இரத்தம் நம் இரத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான சூட்டில் இருக்கும். வித்தியாசம், நமக்கு அடுப்பு உள்ளே இருக்கிறது, அதற்கு அடுப்பு வெளியே இருக்கிறது. தின்ற எலி செரிப்பதும், நோய்க் கிருமியை எதிர்ப்பதும், தசை அசைவதும், கருவில் முட்டை வளர்வதும் அந்த வெளி அடுப்பை நம்பித்தான். இரை எடுத்த மலைப்பாம்பு 30 டிகிரியில் சில நாட்களில் முடிக்கும் செரிமானம் 20 டிகிரியில் வாரக்கணக்கில் இழுக்கும். இன்னும் குளிர்ந்தால் வயிற்றிலேயே இரை அழுகி, வாந்தியாக வெளியே வரும். பெண் மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டுகொண்டு தசைகளைத் துடிக்கவிட்டுச் சூடு உண்டாக்கி அடைகாக்கும் என்பதை 1832-இலேயே லாமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியாவில் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னார். பாரிஸ் அறிஞர்கள் எளிதில் நம்பவில்லை. 1841-இல் பாரிஸ் உயிரியல் தோட்டத்திலேயே ஒரு மலைப்பாம்பு அடைகாத்தபோது தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். சொந்த அடுப்பு இல்லாத பிராணி முட்டைக்காக உடம்பையே அடுப்பாக்குகிறது என்றால், ஓரிரு டிகிரிகளுக்கு அதன் வாழ்வில் உள்ள மதிப்பு புரியும்.

நோய் விஷயம் இன்னும் அழுத்தமானது. 1975-இல் மேத்யூ க்ளூகர் குழுவினர் பாலைவன இகுவானா என்ற பல்லியினத்துக்குக் கிருமியை ஊசி மூலம் ஏற்றி, 34 டிகிரி முதல் 42 டிகிரி வரை வெவ்வேறு சூட்டில் அடைத்து வைத்தார்கள். 34-இல் இருந்தவை சில நாட்களில் செத்தன. 40, 42-இல் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. அதற்கு முந்தைய ஆண்டு அதே கூட்டத்தார் செய்த சோதனை, நோய் கண்ட பல்லி தானாகவே அதிகச் சூடான மூலையைத் தேடிப் போகிறது என்று காட்டியிருந்தது. நமக்குக் காய்ச்சல் உள்ளிருந்து வருகிறது. ஊர்வன வெயிலில் போய் நின்று காய்ச்சலை வரவழைத்துக்கொள்கின்றன. இது பல்லியில் நடந்த சோதனை, பாம்பில் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் உடல் இயங்கும் விதம் ஒன்றுதான். ஒரே சீரான வெப்பத்தில் அடைபட்ட பாம்புக்கு, அந்த வெப்பம் எவ்வளவு சரியானதாக இருந்தாலும், நோய் வந்த நாளில் ஒதுங்கப் பக்கம் இல்லை. மூச்சுக்குழல் தொற்றோடு வாயில் குமிழி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் வரும் வளர்ப்புப் பாம்பின் கதை பெரும்பாலும் பெட்டியின் தெர்மாமீட்டரில்தான் தொடங்குகிறது.

எந்தப் பாம்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்வோம். நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு, கொம்பேறி மூக்கன், அதிர்ஷ்டம் வரும் என்று சொல்லி ஏமாற்றி விற்கப்படும் மண்ணுளி — நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றமாக்குகிறது. வீடுகளுக்குள் வந்திருப்பவை வெளிநாட்டுப் பாம்புகள். முக்கியமாக மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான், அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக். எப்படி வருகின்றன என்பதை நம் விமான நிலையங்களே சொல்லும். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் திருச்சியில் இறங்கிய ஒருவரின் பையில் 47 மலைப்பாம்புகள். செப்டம்பரில் பெங்களூரில் பிடிபட்ட பாங்காக் சரக்கில் 55 பால் பைத்தான்கள். பிடிபட்டவை இவை, பிடிபடாதவை யாருடைய வீட்டுக் கூடத்திலோ ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. திருத்தப்பட்ட சட்டத்தின்கீழ் 2024 பிப்ரவரியில் வந்த விதிகள், சர்வதேச வனஉயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் இணையவாசலில் பதிய வேண்டும் என்கின்றன. பால் பைத்தான் அந்தப் பட்டியலில் உண்டு. கார்ன் ஸ்நேக் இல்லை. ஆகவே அந்த வலையில் அது விழுவதே இல்லை.

இனி, இந்தப் பேச்சு எழுந்தவுடன் எல்லோரும் கேட்கும் கேள்வி: நம்ம ஊர் வெயிலுக்குப் பாம்புக்கு ஹீட்டர் ஒரு கேடா? நியாயமான கேள்வி, ஆனால் பாதிதான் நியாயம். மார்கழி விடியலில் செஞ்சிப் பக்கம் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையென்றால் எந்த மாதமும் மார்கழிதான். பால் பைத்தானுக்குச் சூடான மூலையில் 31 முதல் 33 டிகிரியும், எதிர் மூலையில் 25-ஐ ஒட்டியும் வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்கு இரண்டுமே இரண்டு மூன்று டிகிரி குறைவு. ஆகவே ஐப்பசி மழை தொடங்கி மாசி வரைக்கும் ஹீட்டர் வேண்டியிருக்கும். மழைநாள் முழுக்க வெயிலே முகம் காட்டாமல் போவதை எண்ணிப் பார்த்தால் இது ஆடம்பரம் அல்ல என்று புரியும். கேள்வியின் மறுபாதி, அதாவது நம் ஊர் சூடானது என்பது, முழு உண்மை. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் தவறு. ஊர் சூடாக இருப்பதால் வேலை குறைவதில்லை. குளிர்மூலையை உண்டாக்கும் இரண்டாவது வேலையும் சேர்ந்து தலையில் விழுகிறது.

இதை எந்தக் கையேடும் சொல்வதில்லை, ஏனென்றால் கையேடுகள் எழுதப்பட்ட இடம் வேறு. லண்டனிலோ பெர்லினிலோ அறை வெப்பம் வருடம் முழுக்க 20 டிகிரி அளவில் நிற்கும். அங்கே குளிர்மூலை இலவசம். காசு கொடுத்து வாங்க வேண்டியது சூடான மூலை ஒன்றுதான். அதனால் அவர்களுடைய பக்கங்கள் எல்லாம் விளக்கு, விரிப்பு, வாட் கணக்கு என்றே நிரம்பியிருக்கின்றன. அதைப் படித்துவிட்டு இங்கே மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் பெட்டி வைப்பவருக்கு, கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை மேலிருந்து சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும் என்பது நினைவில் இருப்பதில்லை. ஏப்ரல் மாதத்து மதியம் அந்த அறையே 37, 38 டிகிரி. பெட்டியின் சூடான மூலை, குளிர்மூலை, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் அதே 38-தான். 33 டிகிரியில் சுகமாக இருக்கும் பாம்பு 40-ஐத் தாண்டினால் சாகத் தொடங்கும். கீழே 10 டிகிரி குறைந்தால் அது மந்தமாகும், வாரக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும். மேலே ஏழெட்டு டிகிரி கூடினால் ஒரே மதியத்தில் முடிந்துவிடும். பாம்பின் உடலில் சாவுக்கு நெருக்கமான பக்கம் சூட்டுப் பக்கம்தான். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. மனிதருக்கே பேரிடர் என்றான ஒன்றைக் கண்ணாடிச் சுவருக்குள் இருப்பது எப்படித் தாங்கும்?

மின்சாதனத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் தவறு நடப்பது அங்கேதான். ஹீட் மேட் என்று விற்கப்படுவது தாள்போல் மெல்லிய விரிப்பு. உள்ளே கம்பியோ கார்பன் பட்டையோ ஓடும், பெட்டியின் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் அதைப் போட வேண்டும். முழுத்தரைக்கும் போட்டால் பாம்புக்கு ஓடி ஒதுங்க இடம் இல்லை. பெட்டி இட்லிப் பானையாகிவிடும். இந்த விரிப்புக்கு மூளை கிடையாது. மின்சாரம் இருக்கும் வரை சூடேறிக்கொண்டே போகும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது. நிறுத்துவதற்குத் தெர்மோஸ்டாட் என்ற தனிக்கருவி வேண்டும். கடையில் 'வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று கடைசியில் சொல்லப்படுவது அதுதான். தெர்மோஸ்டாட்டிலிருந்து ஒரு ஒயர் வரும். அதன் நுனியில் பயறளவு உணர்கருவி. அதை விரிப்புக்கும் பெட்டித் தரைக்கும் நடுவில் வைத்து அசையாமல் ஒட்ட வேண்டும். பெட்டியை நகர்த்தும்போதோ, சுத்தம் செய்யும்போது கை பட்டோ அந்த நுனி வெளியே வந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது அது அறையின் காற்றை அளக்கிறது. அறை 26 டிகிரி. 'இன்னும் சூடு பற்றவில்லை' என்று நினைத்துத் தெர்மோஸ்டாட் விரிப்பை விடாமல் ஓட்டுகிறது. தரை 45, 50 என்று ஏறுகிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வண்ணத் தெர்மாமீட்டர் கண்ணாடியின் சூட்டை மட்டும் காட்டி, எல்லாம் நலம் என்கிறது. பாம்பு அந்தத் தரைமேல் படுத்தே கிடக்கிறது.

ஏன் எழுந்து போவதில்லை என்பதுதான் புதிர். பால் பைத்தானின் உதடுகளில் வரிசையாகக் குழிகள் இருக்கும். இருட்டில் ஒரு எலியின் உடற்சூட்டை எட்டத்திலிருந்தே அறியும் நுட்பம் அவற்றுக்கு உண்டு. அப்படிப்பட்ட பிராணி தன் வயிற்றுக்கு அடியில் தோல் வெந்துகொண்டிருப்பதை உணர்ந்து நகராமல் கிடந்து, அடிவயிற்றுச் செதில்கள் பழுப்பாகி, கொப்புளம் எழுந்து, தோலுரியும் அளவுக்குப் புண்ணாகி மருத்துவரிடம் வருவது பாம்பு வைத்தியத்தில் அன்றாடக் காட்சி. காட்டில் சூடு மேலிருந்து, சூரியனிடமிருந்து வருவது. வயிற்றுக்கு அடியிலிருந்து ஏறிக்கொண்டே போகும் சூடு அதன் பரம்பரை அனுபவத்தில் அரிது என்பது ஒரு விளக்கம். இரவுக் குளிரில் நடுங்கும் பாம்புக்கு அந்த ஒரு இடம் மட்டுமே சூடாக இருப்பதால் வலித்தாலும் விட்டுப் போவதில்லை என்பது இன்னொரு விளக்கம். எதுவாக இருந்தாலும், 'சுட்டால் தானே நகர்ந்துவிடும்' என்ற நம்பிக்கையில் தெர்மோஸ்டாட் இல்லாமல் விரிப்பை ஓட்டுவது பாம்பை அடுப்பில் வைப்பதற்குச் சமம். பிளக்கைச் செருகினால் சூடாகும் செயற்கைப் பாறை என்று ஒன்று விற்கிறார்களே, அதற்கும் இதே கதிதான். இன்னும் மோசம் என்றுகூடச் சொல்லலாம், சூடு ஓரிடத்தில் திரண்டு நிற்பதால். செஞ்சிப் பாறையைப் பார்த்தவர் யாரும் அதைப் பாறை என்று சொல்ல மாட்டார்.

அப்படியானால் கோடைக்கு என்ன செய்வது? கோட்டையைக் கட்டியவர்களுக்குத் தெரிந்தது நமக்கு மறந்துவிட்டது. அங்குள்ள களஞ்சியத்தின் சுவர் அத்தனை தடிமன், கூரை வளைவு. நெல்லை வெயிலும் ஈரமும் தொடாமல் காக்க அவர்கள் நம்பியது கல்லின் கனத்தை. பாம்புப் பெட்டியும் அதே பாடத்தைப் படிக்க வேண்டும். மாடி அறையில் வைக்காமல் தரைத்தளத்தில், மேற்குச் சுவரை ஒட்டாமல் வடக்குச் சுவரை ஒட்டி, அலமாரி உச்சியில் தூக்கி வைக்காமல் தரைக்குப் பக்கத்தில் வைத்தால் சூடு கணிசமாகக் குறையும். நாலு பக்கமும் கண்ணாடியாக இருப்பதைவிட மூன்று பக்கம் மரப்பலகையாக இருந்தால் அறையின் ஏற்றத்தாழ்வு உள்ளே மெதுவாகத்தான் போகும். குளிர்மூலையில் தடித்த களிமண் ஓட்டுக்கு அடியில் ஒரு மறைவிடம், சூடான மூலையில் அதேபோல் இன்னொன்று. மறைவிடம் ஒன்றே ஒன்று இருந்தால் பாம்பு சூட்டையும் பாதுகாப்பையும் எடைபோட்டுப் பெரும்பாலும் பாதுகாப்பைத் தேர்ந்து சூட்டைத் துறந்துவிடும். இதையெல்லாம் செய்தும் சித்திரை மதியத்தில் குளிர்மூலை 30-க்குக் கீழே இறங்காவிட்டால் ஏசி வேண்டும். ஏசி என்றால் மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போகும் மின்சாரம் மாலையில் வரும் நாள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த நாள் கத்திரியில் வந்தால் பாம்பின் கதி என்ன என்று பாம்பு வாங்கும் முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

'இரை எடுக்கிறது, தோல் உரிக்கிறது, நன்றாகத்தானே இருக்கிறது' என்று வளர்ப்பவர்கள் சொல்வது இன்னொரு எதிர்வாதம். பாம்பு முனகுவதில்லை, வாலைக் குழைப்பதில்லை, முகம் வாடுவதும் இல்லை. மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் தாங்கும். தாங்குவதை நலம் என்று கணக்கெழுதுவது நமக்கு வசதி, அவ்வளவுதான். இதோடு சேர்த்து, இருளர்கள் பாம்பைப் பானையில் வைக்கவில்லையா என்றும் கேட்கிறார்கள். வைக்கிறார்கள். செஞ்சி, திண்டிவனம் பக்கம் முதல் மாமல்லபுரம் வரை பரவி வாழும் இருளர் சமூகத்தின் பாம்பறிவுக்கு ஈடு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. 2023-இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்து நாடு அதைத் தாமதமாக ஒப்புக்கொண்டது. 1978-இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நல்ல பாம்பையும் விரியன்களையும் மண்பானையில் வைத்து நஞ்செடுக்கிறது. ஆனால் அந்தப் பானையைக் கவனியுங்கள்: உள்ளே மணல், வாயில் காற்றுப் போகும் பருத்தித் துணி, நிழலான கொட்டகை. மண்பானை சட்டென்று சூடாகாது, சட்டென்று ஆறாது. 40 சென்டிமீட்டர் கல்லின் வேலையைக் கொஞ்சம் அது செய்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாம்பு அங்கே இருப்பது சில வாரம். அரசு அனுமதியோடு பிடித்து, கணக்காகச் சில முறை நஞ்செடுத்து, காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். பால் பைத்தான் ஒரு பெட்டியில் இருக்கப் போவது இருபது, முப்பது வருடம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இத்தனை சிக்கல் என்றால் பாம்பு வளர்ப்பையே தடை செய்துவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு. கடத்தலில் வந்த பாம்புக்கு எந்தப் பெட்டியும் நியாயம் செய்யாது. என்றாலும் ஏற்கெனவே வந்துவிட்ட, பதிவும் செய்யப்பட்டுவிட்ட பாம்புகள் தடையால் மறைந்துவிடாது. காட்டில் விடவும் முடியாது. விட்டால் நம் காட்டுக்குக் கேடு. அவை இங்கேயே வாழ்ந்து சாக வேண்டும். எப்படி வாழ வேண்டும் என்பதைப் பற்றி யாராவது பேசித்தான் ஆக வேண்டும். 'பணக்காரர் பொழுதுபோக்குக்குப் பத்திரிகையில் இடமா' என்ற முணுமுணுப்புக்கும் இதுவே பதில். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தன் பொறுப்பில் உள்ள பிராணியின் நலத்துக்கு வேண்டியதைச் செய்வது உரிமையாளரின் கடமை என்கிறது. போதிய உணவு, நீர், உறைவிடம் தராமலிருப்பது குற்றம் என்கிறது. பட்டினி போட்ட மாட்டுக்கு அந்தச் சட்டம் பேசுமென்றால், குளிர்மூலை இல்லாத பெட்டியில் அடைபட்ட பாம்புக்கும் பேச வேண்டும். பாம்புக்கு உறைவிடம் என்பதன் பொருளே வெப்பம்தான்.

அரசிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பதிவு என்பது யாரிடம் எத்தனை இருக்கிறது, எது பிறந்தது, எது செத்தது, எது கைமாறியது என்ற கணக்கோடு நின்றுவிடக் கூடாது. பெட்டியின் இரு மூலைகளிலும் என்ன வெப்பம், தெர்மோஸ்டாட் உண்டா, மின்தடைக்கு என்ன ஏற்பாடு என்று மூன்று கேள்விகளை அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் 2018 உரிம விதிகளுக்கான அரசு வழிகாட்டி, ஊர்வன விற்கும் கடைக்காரருக்கு இனம்வாரியாக வெப்ப அட்டவணையே கொடுக்கிறது. நம் வனத்துறையும் கால்நடைப் பல்கலைக்கழகமும் சேர்ந்தால், இந்த வெயிலுக்குப் பொருந்தும் ஒரு பக்க அட்டவணையைத் தமிழில் போடுவது ஒரு வார வேலை. கார்ன் ஸ்நேக்குக்கும் அதில் ஒரு வரி இருக்க வேண்டும், சைட்டிஸ் பட்டியலில் இல்லாவிட்டாலும். கடைக்காரருக்கு ஒரே கட்டளை போதும்: தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் விற்கக் கூடாது. கேஸ் இணைப்பை ரெகுலேட்டர் இல்லாமல் யாரும் கொடுப்பதில்லையே.

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நாம் ஏளனமாகச் சொல்வோம், அடுத்தவர் உழைப்பைப் பறித்ததாக. கானாவிலும் டோகோவிலும் பெனினிலும் பால் பைத்தான் பகலைக் கழிப்பதும் கரையான் புற்றிலும் எலி வளையிலும்தான். வெளியே எரிந்தாலும் நனைந்தாலும் புற்றின் உள்ளே வெப்பமும் ஈரமும் அதிகம் அசையாது. கொஞ்சம் நகர்ந்தால் வேறு சூடு, இன்னும் ஆழத்தில் வேறு குளிர்ச்சி. அந்தப் புற்றை எழுப்பும் வேலையைத்தான் பாம்பு வாங்குபவர் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். வாங்க நினைப்பவர் முதலில் பெட்டியை மட்டும் வாங்கட்டும். உள்ளே எதுவும் இல்லாமல், விரிப்பும் தெர்மோஸ்டாட்டும் ஓட, இரு மூலையிலும் ஒவ்வொரு தெர்மாமீட்டர் வைத்து, மார்கழியில் ஒரு வாரம் விடியற்காலையிலும் சித்திரையில் ஒரு வாரம் பிற்பகல் மூன்று மணிக்கும் பார்த்து நோட்டில் எழுதட்டும். நடுவில் ஒரு நாள் மெயின் ஸ்விட்சை அணைத்தும் எழுதட்டும். குளிர்மூலைக்கு நேரே 36 என்று விழுந்தால் பெட்டியை விற்றுவிடலாம், வாங்குவதற்கு ஆள் இருக்கும். மீன் வளர்ப்பவர்கள் கண்ணாடித் தொட்டிக்கு எப்போதும் அலைகிறார்கள்.